24 தடவை தேய்த்த கார்டும் ஒரு மடக்கு டீயும்

2014 ஜூலை மாதம். ஹாங்காங்கில் ஓர் ஏல நிறுவனத்தின் ஆபீஸ். ஷாங்காய் கோடீஸ்வரர் லியூ யிச்சியன் தன் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். ஒரு தடவை அல்ல, 24 தடவை அந்தக் கார்டைத் தேய்க்கிறார்கள். மொத்த பில் 28 கோடியே 12 லட்சத்துச் சொச்சம் ஹாங்காங் டாலர். அமெரிக்கக் கணக்கில் 3 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய நம்ம ரூபாயில் 210 கோடிக்கு மேல்.

பங்களா வாங்கினாரா, விமானம் வாங்கினாரா என்று கேட்காதீர்கள். ஒரு கிண்ணம் வாங்கினார். குறுக்களவு 8.2 சென்டிமீட்டர். நம்ம வீட்டு ரசக் கிண்ணத்தைவிடச் சின்னது. வெளிப்பக்கம் ஒரு சேவல், ஒரு கோழி, சுற்றிலும் குஞ்சுகள். சீனாவை மிங் வம்சத்தின் செங்ஹுவா சக்கரவர்த்தி ஆண்ட காலத்தில், அதாவது 1465-க்கும் 1487-க்கும் இடையில், அரண்மனைக்காகச் செய்த மதுக்கிண்ணம். 'கோழிக் கிண்ணம்' என்றே பெயர். உலகத்தில் மொத்தம் இருப்பது இருபதுக்கும் குறைவு. பெரும்பாலானவை மியூசியங்களில் இருக்கின்றன. தனியார் கையில் இருப்பவை நாலே நாலுதான் என்று ஏலம் விட்டவர்கள் சொன்னார்கள்.

பணம் கட்டி முடித்தார். கிண்ணம் கைக்கு வந்தது. அடுத்து அவர் செய்த காரியம்தான் உலகம் முழுக்கச் செய்தியானது. அந்தக் கிண்ணத்தில் டீ ஊற்றச் சொல்லி, ஒரு மடக்கு குடித்தார். போட்டோவும் எடுத்தார்கள்.

அவ்வளவுதான், சீன இணையத்தில் பொங்கி எழுந்துவிட்டார்கள். 'பணத்திமிர்', 'காட்டான்' என்றெல்லாம் வசவு. லியூ பரம்பரைப் பணக்காரர் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், தெருவில் கைப்பை விற்றவர், டாக்ஸி ஓட்டியவர், பிறகு பங்குச் சந்தையில் சம்பாதித்தவர். அதுவும் வசவுக்கு உரம் போட்டது. அவர் சொன்ன பதிலின் சாராம்சம் இது: சியான்லாங் சக்கரவர்த்தி உபயோகித்த கிண்ணம். இப்போது நானும் உபயோகித்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. இதில் என்ன தப்பு?

என்ன தப்பு? பல வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஓர் ஆபீஸ் நண்பரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை மனுஷர். "அவன் காசு, அவன் கப்பு. அதுல டீ குடிப்பான், கூழு குடிப்பான், உனக்கென்னய்யா?"

நான் பி.காம். படித்தவன். நண்பர் சொன்ன பதில் எனக்குப் புதுசில்லை. 1930-ம் வருடத்து சேல் ஆஃப் குட்ஸ் ஆக்ட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். பொருளின் உரிமை கைமாறிவிட்டால் லாபமும் நஷ்டமும் வாங்கியவனுக்கே. அதற்கும் முன்னால் ரோமானியச் சட்டத்துக்குப் போனால், சொந்தம் என்பதை அவர்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உபயோகிக்கும் உரிமை, அதன் பலனை அனுபவிக்கும் உரிமை, கடைசியாக அதை விற்கவோ அழிக்கவோ உள்ள உரிமை. சட்டப்படி பார்த்தால் லியூ அந்தக் கிண்ணத்தைச் சுவரில் அடித்து உடைத்திருந்தாலும் கேட்க ஆளில்லை.

ஆனால் சட்டம் முடிகிற இடத்தில் மனசு முடிவதில்லையே! உங்கள் தெருக்கோடியில் ஒருவர் நூறு வருஷத்து ஆலமரத்தைத் தன் சொந்த நிலத்தில் வெட்டினாலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏன்?

அந்தக் கிண்ணத்துக்கு ஐந்நூறு வயசுக்கு மேல். அதைச் செய்த ஜிங்டெஜென் நகரத்துக் குயவர் இல்லை. அதில் குடித்த சக்கரவர்த்தி இல்லை. மிங் வம்சம் இல்லை. பின்னால் வந்த சிங் வம்சமும் 1912-ல் முடிந்துபோயிற்று. கிண்ணம் மட்டும் இருக்கிறது. 1999-ல் இதே கிண்ணம் 2 கோடியே 91 லட்சம் ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. பதினைந்து வருஷத்தில் கிட்டத்தட்ட பத்து மடங்கு. வருஷத்துக்குச் சுமார் 16 சதவிகிதக் கூட்டு வட்டி. (பி.காம். புத்தி போகாது, மன்னிக்கவும்.) லியூவுக்குப் பிறகு இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்குப் பிறகு இன்னொருவர். அப்படியானால் லியூ அதற்குச் சொந்தக்காரரா, இல்லை, கொஞ்ச காலத்துக்குக் காவல்காரரா?

நம்ம ஊரில் இதற்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. தர்மகர்த்தா. கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். ஆனால் கோயில் அவருடையது இல்லை. பழம்பொருள் சேகரிப்பவர்கள் எல்லோருமே இப்படி ஒரு தர்மகர்த்தா பதவியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. உடனே லியூ குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். தர்மகர்த்தா கர்ப்பகிரகத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாமா?

ஆனால் அந்தத் தீர்ப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

தர்மகர்த்தாக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பூட்டி வைக்கிறார்கள். 1974-ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் பென்ஷன் நிதியை நிர்வகித்தவர்கள், விலைவாசி எகிறுகிறதே என்று பயந்து, கலைப்பொருட்களில் முதலீடு செய்ய ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் சுமார் 4 கோடி பவுண்டுக்கு வாங்கிக் குவித்தார்கள். அதில் சீனப் பீங்கானும் உண்டு, சீனத்து மண் குதிரையும் உண்டு. பிறகு விலை ஏறியபோது விற்றார்கள். லாபம்தான், குறை சொல்ல முடியாது. ரிட்டையர் ஆன ரயில்வேக்காரருக்கு அதில் பென்ஷன் வந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் குதிரை அங்கே குதிரையாக இல்லை. ஷேர் சர்ட்டிஃபிகேட்டாக இருந்தது. இன்றைக்கு ஜெனீவா போன்ற ஊர்களில் இதற்கென்றே வரியில்லாக் கிடங்குகள் இருக்கின்றன. குளுகுளு அறை, இரும்புக் கதவு. பெட்டிக்குள் இருக்கும் பொருளை யாரும் பார்ப்பதில்லை. பெட்டி நகராமலே சொந்தக்காரர் மாறுகிறார்.

அந்தக் கிடங்கில் இருக்கும் கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. சரி. ஆனால் அது கிண்ணமா?

இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது. அந்த 210 கோடி எங்கே இருக்கிறது? களிமண்ணிலா? சேவல் படத்திலா?

2022-ல் பிரான்ஸில், ஃபோன்டேன்ப்ளோ என்கிற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டனி பகுதியில் ஒரு பாட்டி வீட்டில் கிடந்த பெரிய நீல வெள்ளை ஜாடி, மேகங்களுக்கு நடுவே டிராகன்கள். வாரிசாக அடைந்தவர் வெளிநாட்டில் இருக்கிறார், ஜாடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஏலக் கம்பெனியின் நிபுணர் பார்த்தார். 'இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, அலங்காரத்துக்கு வைக்கலாம், அதிகபட்சம் 2,000 யூரோ' என்று எழுதினார். ஏலத்தில் போட்டி போட்ட சீனர்கள் அது பதினெட்டாம் நூற்றாண்டு என்று நம்பினார்கள். 77 லட்சம் யூரோவில்தான் சுத்தி விழுந்தது. நிபுணர் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் வேலைதான் போயிற்று. முந்நூறு பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் ஒரு பக்கம், இவர் சொல்வது எப்படிச் சரியாக இருக்கும் என்பது ஏலக் கம்பெனியின் வாதம்.

யோசித்துப் பாருங்கள். காலையில் ஒன்றரை லட்சத்துச் சொச்சம் ரூபாய். மாலையில் அறுபது கோடி. ஜாடியில் ஒரு கோடுகூட மாறவில்லை. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? இருப்புச் சரக்கை அடக்க விலையிலோ சந்தை விலையிலோ, எது குறைவோ அதில் காட்டு. இந்த ஜாடியை எந்தக் காலத்தில் காட்டுவது?

உல்ட்டாவாகவும் நடந்திருக்கிறது. 2007-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம், யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களிலிருந்து 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. கணப்பு மேடை மேல் சும்மா வைத்திருந்தது. ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஆயிரம் வருஷப் பழசு, வடக்கு சோங் வம்சத்து 'டிங்' வகைக் கிண்ணம் என்று. 2013-ல் 22 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஆறு வருஷம் அது அழகாக இருந்ததா இல்லையா? 3 டாலருக்கு என்ன அழகோ அதே அழகுதானே இப்போதும்?

அப்படியானால் சேகரிப்பவர்கள் அழகுக்காக மட்டும் காசு கொடுக்கவில்லை. அழகுதான் வேண்டுமென்றால் ஜிங்டெஜென்னில் இன்றைக்கும் கோழிக் கிண்ணத்தைக் காப்பியடித்து விற்கிறார்கள், இரண்டு டஜன் வாங்கலாம். இந்தக் காப்பி இன்று நேற்று ஆரம்பித்ததும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் காங்ஷி சக்கரவர்த்தி காலத்துக் குயவர்களே தாங்கள் செய்ததன் அடியில் 'மகா மிங், செங்ஹுவா ஆண்டில் செய்தது' என்று எழுதியிருக்கிறார்கள். ஏமாற்றுவதற்காக மட்டும் இல்லை. முன்னோருக்குப் போட்ட கும்பிடு அது. இன்றைய ஃபோர்ஜரிக்காரர் கும்பிடெல்லாம் போடுவதில்லை. உடைந்த பழைய கிண்ணத்தின் அடிப்பாகத்தை வாங்கி, புதுசாகச் செய்த உடம்பில் ஒட்டவைத்துவிடுகிறார். அடி ஒரிஜினல், மேலே டூப்ளிகேட்.

அழகு இல்லை, களிமண் இல்லை என்றால் ஆசை எதன் மேல்? 'இதே பொருளை' என்பதன் மேல். அந்தக் குயவன் தொட்ட இதே பொருள். அந்த ராஜா உதட்டில் வைத்த இதே விளிம்பு. செத்துப்போனவர்களின் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை. இதை ஒப்புக்கொண்டால் லியூ செய்தது வேறு மாதிரி தெரிகிறது. எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கியதை அவர் வாய் வைத்துச் செய்துவிட்டார். அந்தக் கிண்ணத்தைக் கடைசியாகக் கிண்ணமாக மதித்தவர் ஒரு முன்னாள் டாக்ஸி டிரைவர்.

'உடைந்திருந்தால்?' என்பீர்கள். நியாயம்.

உடைத்தவரும் இருக்கிறார். சீனக் கலைஞர் அய் வெய்வெய் 1995-ல் ஹான் வம்சத்து ஜாடி ஒன்றை, சுமார் இரண்டாயிரம் வருஷப் பழசு, கையிலிருந்து நழுவவிட்டார். வேண்டுமென்றே. கையில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, தரையில் சுக்குநூறு, மூன்று போட்டோ. பழசை உடைக்காமல் புதுசைக் கட்ட முடியாது என்று மாவோ கற்றுக்கொடுத்தாரே, அதைத்தான் செய்தேன் என்கிற குத்தல் அதில் இருந்தது. சரி, அது ஒரு கட்சி என்று வைத்துக்கொள்வோம். 2014-ல், லியூ டீ குடித்த அதே வருஷம், மியாமி மியூசியத்தில் அய் வெய்வெய் வர்ணம் பூசி வைத்திருந்த ஜாடிகளில் ஒன்றை அந்த ஊர் ஓவியர் ஒருவர் தூக்கிப் போட்டு உடைத்தார். உள்ளூர்க் கலைஞர்களை மியூசியம் மதிப்பதில்லை என்று எதிர்ப்பாம். அய் வெய்வெய்க்கு அது சரியாகப் படவில்லை. தனக்குச் சொந்தமில்லாததை உடைப்பது தப்பு என்பது அவர் பதில்.

பார்த்தீர்களா! எல்லாவற்றையும் கேள்வி கேட்ட கலகக்காரரும் கடைசியில் நம்ம ஆபீஸ் நண்பர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். 'அவன் காசு, அவன் கப்பு.' எனக்கு அது போதவில்லை. அந்த ஹான் ஜாடி அவருக்கு மட்டுமா சொந்தம்? இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கு அதில் பங்கில்லையா? அவர்கள் வந்து ஏலத்தில் கை தூக்க முடியாது, அவ்வளவுதானே!

அதே சமயம், உடைவது என்பது ஒரேயடியாக முடிவும் இல்லை. ஜிங்டெஜென் அரண்மனைச் சூளையில் ராஜாவுக்கு என்று செய்தவற்றில் கடுகளவு குறை இருந்தாலும் உடைத்துப் புதைத்துவிடுவார்கள். வேறு யாரும் உபயோகித்துவிடக்கூடாது. அந்தச் சில்லுகளைத்தான் 1980-களிலிருந்து தோண்டி எடுத்து ஒட்டிப் பார்க்கிறார்கள். எந்த ராஜா காலத்தில் என்ன செய்தார்கள் என்கிற பாதி சரித்திரம் அந்தக் குப்பையிலிருந்து வந்தது. நம்ம கங்கைகொண்ட சோழபுரத்திலும் ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கப்பலில் வந்த கிண்ணம் இங்கே வீடுகளில் புழங்கி, உடைந்து, குப்பைக்குப் போயிருக்கிறது. பூட்டி வைத்தவர்கள் மட்டும் நமக்கு எதையும் விட்டுப்போகவில்லை. புழங்கி உடைத்தவர்களும்தான் விட்டுப்போயிருக்கிறார்கள்.

இவ்வளவு ஏன் யோசிக்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு சீனக் கிண்ணம் இருந்தது. பதறாதீர்கள், ஏலத்துக்கெல்லாம் லாயக்கில்லை.

எண்பதுகளில் அப்பா பர்மா பஜாரில் ஒரு டீ செட் வாங்கி வந்தார். ஆறு கப், ஒரு கெட்டில். வெள்ளையில் நீலப் பூ வேலை. உடம்பு முழுக்க அரிசி அரிசியாகப் புள்ளி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த அரிசி ஒவ்வொன்றும் விளக்கு மாதிரி தெரியும். களிமண் ஈரமாக இருக்கும்போதே துளை போட்டு, அதைக் கண்ணாடி மெருகால் அடைத்துச் சுடுகிற வேலை அது என்று ரொம்பப் பிற்பாடு படித்தேன். அதற்குப் பேர்போன ஊரும் ஜிங்டெஜென்தான். லியூ கிண்ணமும் எங்க வீட்டுக் கப்பும் ஒரே ஊர்க்காரர்கள்!

அம்மா அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "விசேஷத்துக்கு எடுக்கலாம்." விசேஷம் 1989-ல் வந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பத்து வயசு. அக்கா தட்டில் அரிசிக் கப்புகளை வைத்துக்கொண்டு வந்தாள். கை நடுக்கம். ஒரு கப் சரிந்து விழுந்தது. சுக்குநூறாகவில்லை, காது மட்டும் உடைந்தது. மாப்பிள்ளையின் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். நாலு நாள் கழித்து, 'ஜாதகம் சரியா பொருந்தலை' என்று தகவல் வந்தது.

அக்காவை யாரும் திட்டவில்லை. அம்மா கப்புகளைக் கழுவித் துடைத்து, காது உடைந்ததைக் கடைசி வரிசையில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு அந்த செட் வெளியே வரவே இல்லை. அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனபோதுகூட வரவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பூட்டின பீரோ முப்பது வருஷம் திட்டியது.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டைக் காலி செய்தபோது பீரோவைத் திறந்தேன். ஒரு நாள் துணிந்து அதில் ஒரு கப்பில் காபி கலக்கப் போனேன். மனைவி தடுத்துவிட்டாள். "அத்தை ஞாபகார்த்தமா இருக்கட்டுமே, ஒடைஞ்சா வருமா?" அவள் சொன்னதும் நியாயம்தான். லியூ வழக்கில் தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டவன் என் வீட்டு அடுப்படியில் கப்பும் கையுமாக நின்றேன். அக்காவுக்கு போன் போட்டேன். செட்டை யார் வைத்துக்கொள்வது?

"நீயே வெச்சுக்க. அந்தக் காது போன கப்பை மட்டும் எனக்குக் குடு."

கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. 2006 ஜனவரியில் பார்க்க வந்த ஒருவர் ஷூ லேஸ் தடுக்கி மாடிப்படியில் உருண்டார். ஜன்னல் மேடையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்த மூன்று சிங் வம்சத்து ஜாடிகள் மேல் போய் விழுந்தார். ஆளுக்கு அடி இல்லை. ஜாடிகள் நூற்றுக்கணக்கான துண்டுகள். மியூசியம் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டி, திரும்பவும் பார்வைக்கு வைத்துவிட்டது. உடைந்தது அவமானம் என்று ஒளித்து வைக்கவில்லை. இந்தத் தடவை கண்ணாடிக்குள் வைத்தார்கள், அதுவும் புத்திசாலித்தனம்தான்.

லியூ வழக்குக்கு இப்போது என்னிடம் ஒரு தீர்ப்பு இருக்கிறது, இதுவும் மாறலாம். ஒரு மடக்கு டீ தப்பில்லை. தினமும் அதில் டீ குடித்தால் தப்பு, ஏனென்றால் இருபதுக்கும் குறைவாக இருக்கிற ஒன்றில் வரப்போகிறவர்களுக்குப் பங்கு இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் கிடங்கில் பூட்டினால் அதைவிடப் பெரிய தப்பு, ஏனென்றால் இன்றைக்கு இருக்கிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. லியூ குடித்து முடித்துவிட்டு, ஷாங்காயில் தான் நடத்தும் மியூசியத்தில் அதை எல்லோரும் பார்க்க வைத்தார். சக்கரவர்த்தியின் கிண்ணத்தை டிக்கெட் வாங்கிய யாராலும் பார்க்க முடிந்தது. பரவாயில்லை, தர்மகர்த்தா பாஸ்.

எங்க வீட்டு வழக்கில் நான் ஃபெயில். போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அக்கா தன் காபியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பார்த்தால் அந்தக் கப். காது இல்லாததால் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"தினமும் இதுலயா குடிக்கிறே?"

"ஆமா."

"ஒடைஞ்சுடப்போவுதுக்கா."

அக்கா சிரித்தாள். "அது ஏற்கெனவே ஒடைஞ்சதுதானேடா. இனிமே என்ன பயம்?"

வீட்டுக்கு வந்ததும் மீதி ஐந்து கப்பையும் பீரோவிலிருந்து எடுத்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. காபியை மட்டும் பாதி கப் ஊற்றினாள்.